ஷாப்பிங் டைரி: லிஸ்பனின் 'திருடி' சந்தையில் ஒரு நீல டைல்... வாங்கலாமா?

சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் போன் அதிர்ந்தது. ஆபீஸ் வேலையாக லிஸ்பன் போயிருக்கும் பெரியம்மா மகள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கையகலத்தில் ஒரு பழைய டைல். வெள்ளைப் பரப்பில் நீலப் பூ, ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"டேய், இங்க ஒரு பழைய சாமான் சந்தையில நிக்கிறேன். இது இருநூறு வருஷப் பழசாம். இருபது யூரோ சொல்றாரு. பதினஞ்சுக்குப் படியும்போல. நம்ம ஹால்ல பிரேம் போட்டு மாட்டினா சூப்பரா இருக்கும்ல? வாங்கட்டுமா? சீக்கிரம் சொல்லு!"

இருபது யூரோ என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 2,000 ரூபாய். வெளிநாட்டு ஞாபகார்த்தத்துக்கு அது பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் நான் உடனே 'ஓகே' போடவில்லை. "அக்கா, அதைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன்.

"ஏன்டா, அழகு முன்னாடிதானே இருக்கு?"

அழகு முன்பக்கம்தான். ஆனால், அந்த டைலின் ஜாதகம் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். இந்த வாரம் அந்த ஜாதகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

சந்தையின் பெயரே 'திருடி'!

அக்கா நின்றிருந்த இடம் 'ஃபெய்ரா ட லாட்ரா'. போர்ச்சுகீசிய மொழியில் 'ஃபெய்ரா' என்றால் சந்தை. 'லாட்ரா' என்றால் திருடி, அதாவது பெண் திருடர். பழைய மரச்சாமான்களில் குடியிருக்கும் ஒரு பூச்சியின் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. எது உண்மையோ, ஊர் மக்கள் மனதில் நிலைத்திருப்பது திருடிதான்.

இந்தச் சந்தையின் வேர் 13-ம் நூற்றாண்டு வரை போகிறது. பல இடங்களுக்கு மாறி, 1882 முதல் சாண்டா கிளாரா மைதானத்தில் நடக்கிறது. வாரத்தில் செவ்வாய், சனி இரண்டு நாள்கள். சிலர் மேஜை போட்டிருப்பார்கள். பலர் தரையில் ஒரு போர்வையை விரித்து அதன்மேல் பொருள்களைப் பரப்பியிருப்பார்கள். பித்தளைக் கைப்பிடிகள், துருப்பிடித்த சாவிகள், ராணுவச் சட்டைகள், காது உடைந்த கோப்பைகள், யாருடைய குடும்பமோ தெரியாத கறுப்பு வெள்ளை கல்யாண போட்டோக்கள் என எல்லாம் கிடைக்கும்.

பக்கத்திலேயே பெரிய வெள்ளைக் குவிமாடம் ஒன்று தெரியும். அதுதான் போர்ச்சுகலின் தேசிய நினைவாலயம். 1682-ல் சர்ச்சாகக் கட்டத் தொடங்கி, 1966-ல்தான் முழுமையாக முடித்தார்கள். இழுத்துக்கொண்டே போகும் வேலையை 'சாண்டா எங்க்ராசியா கட்டட வேலை' என்று அந்த ஊரில் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். நம் ஊரில் சில மேம்பாலங்களுக்கு அந்தப் பெயரைக் கடன் வாங்கலாம். ஃபாடோ இசையின் ராணி அமாலியா ரோட்ரிகஸும், கால்பந்து நாயகன் யூசேபியோவும் உறங்குவது அங்கேதான். அமாலியாவின் பழைய இசைத்தட்டுகளைத் தேடுபவர்களுக்கும் இந்தச் சந்தை ஒரு நல்ல இடம்.

இன்னொரு சுவாரஸ்யம். இங்கே பொருள்களின் பெயரைக் கேட்டால் தமிழ்க் காதுக்குப் பாதி புரியும். அலமாரிக்கு 'அர்மாரியு', மேசைக்கு 'மேசா', சாவிக்கு 'ஷாவ்', ஜன்னலுக்கு 'ஜனெலா', பீப்பாய்க்கு 'பீப்பா', ஏலத்துக்கு 'லெய்லாவ்ங்'. இந்தச் சொற்களெல்லாம் கப்பலேறி நம் ஊருக்கு வந்து, நம் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டன. மேசையும் அலமாரியும் விற்கிற சந்தையில் அவற்றின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்பது தனி அனுபவம்!

சுவரே ஊரின் முகம்

சரி, டைலுக்கு வருவோம். லிஸ்பனின் பழைய தெருக்களில் நடந்தால், வீட்டின் வெளிச்சுவர் முழுக்க டைல் பதித்திருப்பதைப் பார்க்கலாம். இதற்கு 'அசுலேஜோ' என்று பெயர். 'அசுல்' என்றால் போர்ச்சுகீசிய மொழியில் நீலம் என்பதால், நீல நிறத்திலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அரபுச் சொல்லின் வழி வந்தது. மெருகேற்றிய சிறு கல் என்று அர்த்தம்.

1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மன்னர் முதலாம் மனுவேல், ஸ்பெயினின் செவில் நகரத்து டைல்களில் மயங்கி, தன் சிண்ட்ரா அரண்மனைக்கு அவற்றை வரவழைத்தார். 17-ம் நூற்றாண்டில் நீலமும் மஞ்சளும் கலந்த, கம்பளம் விரித்தது போன்ற வடிவங்கள் வந்தன. அந்த நூற்றாண்டின் கடைசியில் சீனப் பீங்கான், டச்சு டைல்களின் பாதிப்பில் நீலம், வெள்ளை இரண்டும் மட்டுமே ஆட்சி செய்தன. 1755 நவம்பர் 1-ல் பெரும் நிலநடுக்கம் லிஸ்பனைத் தரைமட்டமாக்கியது. ஊரை வேகமாகத் திரும்பக் கட்ட வேண்டியிருந்ததால் எளிமையான, மலிவான டைல்கள் பெருகின.

வீட்டின் வெளிமுகத்தில் டைல் பதிக்கும் வழக்கம் பரவியது 19-ம் நூற்றாண்டில். பிரேசிலில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் இந்த மோகத்தை வளர்த்ததாகச் சொல்வார்கள். மழை ஈரம் சுவரில் இறங்காது, பெயின்ட் அடிக்கும் செலவு இல்லை, பார்க்கவும் அழகு. தட்டையான அச்சுத் தகடு வைத்துத் தூரிகையால் வண்ணம் பூசும் முறை வந்ததால், ஒரே வடிவத்தை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது.

அதாவது, அக்கா கையில் வைத்திருந்தது ஒரு தனிப் பொருள் இல்லை. அது ஒரு பெரிய சுவரின் ஒரு துண்டு. அந்தச் சுவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ராத்திரியில் உதிரும் சுவர்கள்

பழைய டைல்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பதித்தார்கள். சிமென்ட் போல அது இறுகிப் பிடிக்காது. ஓர் உளியும் கொஞ்ச நேரமும் இருந்தால் முழுசாகப் பெயர்த்துவிடலாம். ஆள் இல்லாத வீடுகள், வாரிசுச் சண்டையில் பூட்டிக் கிடக்கும் மாளிகைகள், சாரம் கட்டியிருக்கும் கட்டடங்கள் ஆகியவைதான் திருடர்களின் இலக்கு. காலையில் பார்த்தால், கை எட்டும் உயரம் வரை சுவர் மொட்டையாக இருக்கும்.

திருட்டு மட்டுமே காரணமில்லை. பழைய வீட்டை இடிக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் டைலைப் பெயர்த்து, கேட்பாரில்லாமல் விற்றதும் நடந்தது. இரண்டு வழிகளிலும் போய்ச் சேர்ந்த இடம், நம்மைப் போன்ற டூரிஸ்ட்டுகளின் பெட்டி.

இதைத் தடுக்க 2007-ல் 'எஸ்.ஓ.எஸ் அசுலேஜோ' என்ற திட்டம் தொடங்கியது. இதை ஆரம்பித்தது போர்ச்சுகல் குற்றப் புலனாய்வுப் போலீஸின் அருங்காட்சியகம். எளிமையான ஒரு வேலையைச் செய்தார்கள். திருடுபோன டைல்களின் போட்டோக்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். வாங்குபவர் ஒரு முறை பார்த்தால், 'இது அந்த வீட்டுச் சுவராச்சே' என்று கண்டுபிடித்துவிடலாம். விற்பவருக்கும் பயம் வந்தது. பதிவாகும் திருட்டுகள் வெகுவாகக் குறைந்தன.

அடுத்து சட்டம். 2013-ல் லிஸ்பன் நகராட்சி, டைல் பதித்த முகப்புகளை இடிப்பதற்கும் டைல்களைப் பெயர்ப்பதற்கும் தடை கொண்டுவந்தது. 2017-ல் அந்தப் பாதுகாப்பு நாடு முழுவதற்குமான சட்டமானது. போர்ட்டோ நகராட்சி இன்னொரு வழி கண்டது. கட்டடங்களிலிருந்து மீட்ட டைல்களைச் சேர்த்து 'பொருள் வங்கி' ஒன்றை நடத்துகிறது. வீட்டுச் சுவரில் நான்கு டைல் விழுந்துவிட்டால், உரிமையாளர் அங்கே போய் அதே வடிவம் இருக்கிறதா என்று தேடலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் கவலை? பத்துப் பேர் வாங்கினால்தான் ஒருவர் உளியைத் தூக்குவார். வாங்க ஆள் இல்லையென்றால் சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கும்.

பின்பக்க ஜாதகம் படிப்பது எப்படி?

எல்லாப் பழைய டைலும் திருட்டு டைல் இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே இடிந்த வீடுகளிலிருந்து வந்தவை உண்டு. பழுது பார்க்கத் தேவைப்படும் என்று தாத்தா காலத்தில் கொல்லையில் அடுக்கிவைத்த உபரி டைல்கள் உண்டு. தொழிற்சாலைகள் மூடியபோது மிஞ்சிய சரக்கும் உண்டு. ஆகவே, பயந்து ஓட வேண்டாம். பார்த்து வாங்கினால் போதும்.

* சாந்தைப் பாருங்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சாந்து பழுப்பேறி, அழுக்கும் தூசியும் படிந்திருந்தால் பெயர்த்துப் பல காலம் ஆகியிருக்கலாம். வெள்ளை வெளேரென்று, தொட்டால் பொடி உதிர்ந்தால் சமீபத்தில் பெயர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* உடைந்த மூலையைப் பாருங்கள். பழைய உடைசல் கறுத்திருக்கும். புதிய உடைசலில் உள்ளே இருக்கும் மண் நிறம் பளிச்சென்று தெரியும். அது உளி பட்ட இடமாக இருக்கலாம்.

* எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே வடிவத்தில், புதுச் சாந்துடன், ஐம்பது டைல் குவிந்து கிடந்தால் யோசியுங்கள். அது ஒரு வீட்டின் முகப்பு.

* பாதிப் படம் வேண்டவே வேண்டாம். ஒரு டைலில் யாரோ ஒருவரின் கை, இன்னொன்றில் குதிரையின் கால் என்று இருந்தால், பல டைல்கள் சேர்ந்த பெரிய ஓவியத்தை உடைத்து விற்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே டைலுக்குள் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு படகு என முழுப் படமும் அடங்கும் வகை தனியாக உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

* வயதைச் சரிபாருங்கள். 18-ம் நூற்றாண்டு என்று சொல்லிக் கொடுப்பார்கள். பின்பக்கம் இயந்திரத்தில் அழுத்திய கட்டங்களோ, தொழிற்சாலைப் பெயரோ இருந்தால் அது அவ்வளவு பழசு இல்லை. கையால் செய்தவை பழைய டைல்கள். கனம் ஒரே சீராக இருக்காது. பக்கங்கள் சுமார் 14 சென்டிமீட்டர் இருந்தாலும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும்.

* ரசீது கேளுங்கள். "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்கு நல்ல வியாபாரி ஆர்வமாகக் கதை சொல்வார். நிரந்தரக் கடை வைத்திருப்பவர் வயதும் இடமும் எழுதி ரசீது தருவார். தோளைக் குலுக்கினால், அதுவும் ஒரு பதில்தான்.

விலை உயர்ந்த, மிகப் பழைய டைல் வாங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். நூறு ஆண்டுகளைத் தாண்டிய வரலாற்றுச் சின்னங்களிலிருந்து பெயர்த்த பகுதிகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வேண்டும். அந்தப் பேப்பர் வேலையைக் கடைக்காரரிடமே பேசி முடித்துவிடுங்கள். ஏர்போர்ட்டில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம், பழைய டைலின் மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கும். பிரேம் போட்டு மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்மேல் ஸ்வீட் வைத்துப் பரிமாற வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

டைல்தான் வேண்டும் என்றால் நல்ல வழிகள் இருக்கின்றன. 1741-ல் தொடங்கிய 'சாண்ட் அனா' தொழிற்சாலை, பழைய வடிவங்களை இன்றும் கையாலேயே செய்கிறது. 1849-ல் பிறந்த 'வியூவா லமேகோ' இன்னொரு புகழ்பெற்ற பெயர். இன்டென்டென்ட் சதுக்கத்தில் உள்ள அதன் பழைய கட்டட முகப்பே ஒரு விளம்பரப் பலகை போல டைல் ஓவியங்களால் நிறைந்திருக்கும். காசு கொடுக்காமல் நின்று பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது 'கோர்ட்டிசோ அண்ட் நெட்டோஸ்'. 'நெட்டோஸ்' என்றால் பேரன்கள். தொழிற்சாலைகள் தயாரிப்பை நிறுத்திய டைல்களைத் தாத்தா பல ஆண்டுகள் வாங்கி வாங்கிச் சேர்த்துவைத்தார். அதைப் பேரன்கள் விற்கிறார்கள். 1960, 70-களின் ஆரஞ்சு, பச்சை, பிரவுன் டிசைன்கள். எந்தச் சுவரிலும் ஏறாத சரக்கு என்பதால், எந்தச் சுவரிலிருந்தும் திருடியது இல்லை. வின்டேஜ் ஆசையும் தீரும், மனசும் உறுத்தாது.

டைலைத் தாண்டியும் சந்தையில் தேட நிறைய உண்டு. 1824-ல் தொடங்கிய விஸ்டா அலெக்ரே பீங்கானின் அடியில் இருக்கும் முத்திரை காலத்துக்குக் காலம் மாறும். அதை வைத்து வயதைக் கணிக்கலாம். முட்டைக்கோஸ் இலை வடிவத்தில் பச்சைத் தட்டுகளைப் பார்த்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். 1884-ல் தொடங்கிய போர்டாலோ பின்ஹெய்ரோ தொழிற்சாலையின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். யானைத் தந்தத்தில் செதுக்கிய எதையும் மட்டும் தொடாதீர்கள். எவ்வளவு பழசு என்று சொன்னாலும் வேண்டாம். ஐரோப்பாவிலும் கெடுபிடி, இந்தியச் சட்டத்திலும் பெரிய சிக்கல்.

சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் பலர் கடையைக் கட்டத் தொடங்குவார்கள். கூட்டம் வேண்டாம் என்றால் செவ்வாய், நிறைய கடைகள் வேண்டும் என்றால் சனி. சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசலாம். 'போம் தியா' என்று ஒரு காலை வணக்கம் சொல்லிவிட்டு, 'குவாந்து குஷ்தா?' என்று விலை கேட்டால் முகம் மலரும். 28-ம் எண் டிராமில் போனால் பர்ஸ் பத்திரம். ஜேப்படிக்காரர்களுக்கும் அந்த டிராம் ரொம்பப் பிடிக்கும்.

டைல்களின் அருமையைச் சுவரிலேயே பார்க்க, சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் சாவ் விசென்டே மடாலயத்துக்குள் நுழையுங்கள். லா ஃபோன்டேனின் விலங்குக் கதைகளைச் சொல்லும் 38 டைல் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. நேரம் இருந்தால் தேசிய டைல் அருங்காட்சியகம். அங்கே சுமார் 23 மீட்டர் நீளத்துக்கு லிஸ்பன் நகரத்தின் காட்சி, 1755 நிலநடுக்கத்துக்கு முன் இருந்தபடியே டைலில் விரிகிறது. அந்த ஊர் அழிந்துபோனது. அது எப்படி இருந்தது என்று இன்று நமக்குக் காட்டுபவற்றில் அந்தச் சுவரும் ஒன்று.

அக்கா என்ன செய்தார்?

பின்பக்க போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சாந்து வெள்ளையாக இருந்தது. உடைந்த மூலை செங்கல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. பூவின் ஓரங்கள் அச்சுத் தகடு வைத்துப் பூசியது போல வெட்டிவைத்த மாதிரி இருந்தன. இருநூறு வருஷம் இருக்காது, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியாக இருக்கலாம் என்று தோன்றியது.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளுக்கா."

இரண்டு நிமிடம் கழித்து பதில். "கேட்டேன்டா. 'ஒரு வீட்டுலேர்ந்து'ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டாரு. இதே பூ போட்டது இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கு."

அது திருட்டு டைல்தான் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த வியாபாரி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால், நிச்சயமாகத் தெரியாத ஒன்றைத் தினமும் பார்க்கும்படி ஹாலில் மாட்டிவைப்பானேன்? அக்காவுக்கும் அதே எண்ணம். கீழே வைத்துவிட்டு, "போர்வை மேல வெச்சப்போ 'டக்'னு ஒரு சத்தம். ரொம்ப ஆசைப்பட்டேன்டா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் இன்னொரு போட்டோ வந்தது. பேரன்கள் கடையில் வாங்கிய இரண்டு டைல்கள். 70-களின் ஆரஞ்சும் பிரவுனும், நடுவில் ஒரு பெரிய வட்டம். பேப்பரில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் வைத்து, கைப்பையிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

போன வாரம் பெரியம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையா அவ்வளவு தூரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தே? நம்ம பழைய வீட்டு பாத்ரூம்ல இதேதான்டி இருந்துச்சு!"

இப்போது அது ஹாலில் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் பெரியம்மாவே முந்திக்கொண்டு, "லிஸ்பன்ல வாங்கினது" என்கிறார்.